ஒய்யார எழுத்தில் ஒரு மாதிரிப் பத்திரிகை

ஜூன் 2, திங்கள்

எழுத்துரு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெயர் ஒய்யாரம். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. முனைகளில் சின்னப் பாதம். இடம் கிடைத்தால் வாலை நீட்டிச் சுழித்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்தைச் சாய்ப்பது எளிது. கணினியே சாய்த்துக் கொடுக்கும். ஆனால் அப்படிச் சாய்த்த எழுத்து, பஸ் திடீரென்று பிரேக் போட்டதும் நின்றுகொண்டிருந்த பயணிகளைப் போல இருக்கும். சாய்வு வேறு, தடுமாற்றம் வேறு. சாய்ந்த பிறகும் வேண்டுமென்றே சாய்ந்தது போலத் தெரிய வேண்டும். இதற்காக ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைந்தேன். என் இளமையின் பிற்பகுதி இதில் கழிந்தது. முப்பத்தேழு வயது ஆகிவிட்டதால் முற்பகுதி எதில் கழிந்தது என்று நினைவில்லை.

நான் வேலை செய்வது மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையின் மாடி அறையில். கீழே கடை, பின்கட்டில் அச்சகம். இரண்டுக்கும் உரிமையாளர் சோழராஜன், நாற்பத்தொன்று, திருமணமாகாதவர். ஒய்யாரத்தை முதலில், வாடிக்கையாளருக்குப் பத்திரிகை மாதிரிகளைக் காட்டும் அவருடைய புது ஆல்பத்தில் பயன்படுத்துவதாகப் பேச்சு. மாலையில் மேலே வந்து திரையைப் பார்த்தார்.

“நல்லா சாஞ்சிருக்கு மேடம். விழுந்துறாதுல்ல?”

“விழாது சார்.”

“இல்ல, பாத்தா புடிச்சுக்கணும் போல இருக்கு.”

தொழில் தெரிந்தவரின் கருத்து என்பதால் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

‘ழ’வின் வால். காலையிலிருந்து அதுதான். நீட்டினால் கீழ் வரியில் இருப்பவர் தலையில் இடிக்கிறது. குறைத்தால் ஒய்யாரம் போய் ஓய்வூதியம் வாங்குகிற எழுத்தாகிவிடுகிறது.

அம்மா கொடுத்துவிட்ட புளியோதரையில் உப்பில்லை. இதைக் கவனிக்காமல் முழுவதும் சாப்பிட்டிருக்கிறேன். மாலையில் அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது.

ஜூன் 9, திங்கள்

எழுத்துருவைச் சோதிக்க ஒரு மாதிரி வாசகம் வேண்டும். ஆல்பத்தில் போவது கல்யாணப் பத்திரிகை என்பதால் வாசகமும் அதுவே. மணமக்கள் பெயரைத் தேர்ந்தெடுப்பதுதான் சிக்கல். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பெயர். எனக்கு அது எழுத்துகளின் தேர்வுக்கூடம்.

மணமகள் பெயரில் ‘ங்’ வேண்டும், ‘கை’ வேண்டும், அடுத்தடுத்துப் புள்ளி வைத்த எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டும். மங்கையர்க்கரசி என்ற பெயரில் இவை எல்லாம் உள்ளன. அது என் பெயராக அமைந்தது தற்செயல்.

மணமகன் பெயரில் இருபுறமும் கொம்பும் காலும் அணைத்த எழுத்து ஒன்று, ‘ழ’ ஒன்று, ‘ஜ’ ஒன்று. பல பெயர்களைப் பரிசீலித்தேன். சோழராஜன் என்ற பெயர் மட்டுமே எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்தது. பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட முதல் பெயரும் அதுதான் என்பதால் நேரம் மிச்சம்.

இருவருக்கும் அடுத்தபடியாகக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தம்பி தங்கை இல்லை. எனவே இருவர் பெயருக்கும் முன்னால் ‘திருவளர்’ போடாமல் ‘திருநிறை’ போட்டேன். மாதிரி என்றாலும் முறை தவறக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று முழுவதும் இரண்டு பெயர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரி செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கடைசியில் ‘ழ’வின் வால் என் பெயரின் முதல் எழுத்தைத் தொட்டுவிட்டது. அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பகுதியில் சின்ன அளவு எழுத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கு நிறையப் பெயர்கள் தேவை. கற்பனைப் பெயர்களில் வகை போதாது. என் உறவினர்களின் பெயர்களில் தமிழின் எல்லா எழுத்துகளும், ஒரு சிலர் பெயரில் தமிழில் இல்லாத எழுத்துகளும் உள்ளன. போட்டுவிட்டேன். தேதிக்கு ஆவணி பத்தொன்பது, வியாழக்கிழமை. ஆவணியின் ‘ஆ’ அடியில் சுழிக்க நல்ல இடமுள்ள எழுத்து. மண்டபத்தின் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். எந்த வடிவமைப்புக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும்.

மாலையில் கோப்பைச் சோழராஜனிடம் காட்டினேன். வழக்கமாக ஒரு பார்வையில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பவர், இன்று வெகுநேரம் பார்த்தார்.

“தப்பு ஏதும் இருக்கா சார்?”

“தப்பு ஒண்ணும் கண்ணுல படலையே மேடம்.”

“மாதிரிதானே, ரொம்பப் பாக்க வேண்டாம்.”

“மாதிரிதான்,” என்றார். “அடிச்சிரவா?”

“அடிங்க.”

இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டார். நாளும் ஏறி இறங்குகிற படி. மாடிப்படியில் விளக்கு போடச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

விருதுநகரிலிருந்து சோழராஜனின் அக்கா வந்திருக்கிறார். பெயர் தனபாக்கியம். தம்பிக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று பையோடு வந்து இறங்கியிருக்கிறார். மாடிவரை குரல் கேட்டது.

“ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிற. உனக்கு ஒண்ணு அடிக்க மை இல்லையாடா? அருப்புக்கோட்டைல ஒரு பொண்ணு. பேரு விமலா. பேங்க்ல வேலை. நீ ம்னு சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

சோழராஜன் ‘ம்’ என்று சொன்னாரா என்று கேட்கவில்லை. கேட்பதற்காகப் படிக்கட்டு வரை போனேன் என்று சொல்வது தவறு. தண்ணீர் எடுக்கப் போனேன். தண்ணீர்க் கேன் அறைக்குள்ளேயே இருக்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

‘விமலா’வை ஒய்யாரத்தில் அடித்துப் பார்த்தேன். எந்த எழுத்திலும் வால் விட இடமில்லை. குறை சொல்ல முடியாத பெயர். அவ்வளவுதான் சொல்லலாம்.

ஜூன் 28, சனி

ஒய்யாரம் ஊருக்குள் இறங்கிவிட்டது. சோழராஜன் கடைக்குக் கொடுத்தது அவர் கடையில் வேலை பார்ப்பவரின் பென்டிரைவில் ஏறி, அங்கிருந்து ஃப்ளெக்ஸ் கடைகளுக்குப் போய், ஒரு வாரத்தில் மதுரையை வளைத்துவிட்டது. திருட்டுதான். ஆனால் தன் எழுத்தைத் திருடிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும்போது ஏற்படும் எரிச்சலில் ஒரு குதூகலமும் கலந்திருக்கிறது.

பார்த்தவை: காதணி விழா பேனர். ஆட்டுக்கறிக் கடைப் பலகை. அதில் ‘தலைக்கறி’யின் ‘லை’ நாட்டியம் ஆடியது. ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்ற சுவர். அவ்வளவு ஒய்யாரமாகக் கேட்டுக்கொண்ட பிறகும் கழித்திருந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி. ‘இயற்கை எய்தினார்’ என்பதில் கடைசி எழுத்து சுழித்துப் பூவில் முடிந்தது. மறைந்த பெரியவர் படத்தில் சிரிக்கிறார். மொத்தத்தில் அவரே நம்மைக் குடும்பத்துடன் அழைப்பது போல இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய் நின்றார்.

சோழராஜனிடம் சொன்னேன். கல்லாப்பெட்டி மேல் குனிந்து சிரித்தார். சிரிக்கும்போது அவர் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறார். ஏறத்தாழ ஒய்யாரத்தின் கோணம்.

ஜூலை 4, வெள்ளி

ஆல்பம் வெளிவந்து தேனி, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போயிருக்கிறது. காலையில் கம்பத்திலிருந்து பெரியப்பா வேலாயுதம் போன் செய்தார். யாரோ தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போன இடத்தில், ஆல்பத்தில் என் பத்திரிகையைப் பார்த்து, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“ஏத்தா மங்கை, நல்ல காரியம். சந்தோசம். ஆனா ஒரு வார்த்தை.”

“பெரியப்பா, அது வந்து—”

“உங்க சித்தப்பன் பேரு மேல இருக்கு. என் பேரு கீழ இருக்கு. நான் மூத்தவனா, அவன் மூத்தவனா?”

“பெரியப்பா, அது நெசப் பத்திரிகை இல்ல. மாதிரி.”

“மாதிரியோ ஒரிஜினலோ, அவனுக்குக் கீழயா என் பேரு?”

சித்தப்பா பெயரில் குட்டையான எழுத்துகள். மேல் வரியில் அதுதான் பொருந்தியது. இதை எப்படி விளக்குவது? விளக்கினேன். அவர் கேட்கவில்லை.

“சரி, மண்டபம் பேரைக் காணோமே. கெடைக்கலையா? ஆவணில கஷ்டந்தான். நான் பேசுறேன்.”

வைத்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

பெரியப்பா மண்டபம் பிடித்துவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

இதுவரை அழைத்தவர்களில் ஒருவர்கூட ‘இந்தப் பையன் யார்’ என்று கேட்கவில்லை. முப்பத்தேழு வயதில் உறவினர்கள் ஜாதகம் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் காலண்டர் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். புகார்கள் எல்லாம் பெயர் பற்றியவை. அத்தை, மாமா பெயரோடு தன் பெயரையும் சேர்த்திருக்கலாம் என்கிறாள். சிவகங்கைச் சித்தி, பேரப்பிள்ளைகளின் பெயர் விடுபட்டதற்காக மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். பத்திரிகையைப் பார்த்தது நேற்றுத்தான்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

“கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் அவரை அண்ணேன்னுதான கூப்பிடுறாங்க?”

“ஆமா.”

“நீ மட்டும் ஏன்டீ சார்ங்கிற?”

“தொழில் மரியாதை.”

“ம்,” என்றாள். சாம்பாரில் இன்று உப்பு சரியாக இருந்தது. எதையோ கண்டுபிடித்துவிட்டவள் போல் சமைத்திருந்தாள்.

ஜூலை 9, புதன்

கடைக்குள் நுழையும்போதே தனபாக்கியம் அக்கா ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சோழராஜன் அவர் எதிரில் பள்ளிக்கூடத்துப் பையன் போல நின்றார்.

“ஏன்டா, பொண்ணு வீட்டுச் சனம் மொத்தமும் பத்திரிகைல இருக்கு. கூடப் பொறந்தவ என் பேரு எங்கடா?”

“அக்கா, அது மாதிரிக்கா.”

“மாதிரியா? நம்ம அப்பா காலத்துலருந்து மாதிரிப் பத்திரிகைக்குப் போன வருசத் தேதிதானடா போடுவோம்? எவனும் நெசம்னு நம்பி வந்துறக் கூடாதுன்னு. இந்தா, இதுல போன வருசம். இதுல போன வருசம். இதுலயும் போன வருசம். இது ஒண்ணுல மட்டும் வர்ற ஆவணி. ஏன்டா மாத்தல?”

“மறந்துட்டேன்க்கா.”

மறதி யாருக்கும் வரக்கூடியதுதான். கடையில் எந்த அட்டை எந்த அலமாரியில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதருக்கும் வரும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. இது என்ன?”

சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது இது: “வெறும் மாதிரிங்க. எழுத்துக்காகப் போட்ட பேரு. அதுல வேற ஒண்ணும் இல்ல.”

சோழராஜன் ஆல்பத்திலிருந்து அட்டையை மெதுவாக உருவி எடுத்தார். மடங்காமல் பார்த்துக்கொண்டார். “ஆமாக்கா. மேடம் சொல்றதுதான். வேற ஒண்ணும் இல்ல,” என்றார்.

மேலே வந்து வேலை பார்த்தேன். எந்த வேலை என்று இப்போது நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. சோழராஜன் ஒரு வாரமாக மேலே வரவில்லை. ஆவணிக்கான பத்திரிகைகள் அச்சாகிக்கொண்டிருக்கின்றன, வேலை அதிகம். மாடிப்படியில் விளக்கு போட்டுவிட்டார்கள். இப்போது அதில் ஏறி வர யாருமில்லை.

ஜூலை 28, திங்கள்

தனபாக்கியம் அக்கா மேலே வந்தார். வியாழக்கிழமை மதியம் அருப்புக்கோட்டைக்குப் போய் விமலா வீட்டில் வாக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். ஆடி முடிந்ததும் நிச்சயம்.

“அவன் வேணாங்கல. வேணுங்கவும் இல்ல. அவன் மௌனத்துக்கு நான்தான் அர்த்தம் சொல்லணும். நீ நிச்சயப் பத்திரிகைக்கு ஒரு டிசைன் போட்டுக் குடு தாயி. அந்தச் சாஞ்ச எழுத்துலயே போடு. ஊரே அதுலதான போடுறாய்ங்க.”

போடுகிறேன் என்றேன். தொழில் என்பது தொழில். இதை நான் இரண்டு முறை உரக்கச் சொன்னதாக அக்கா போகும்போது கவனித்துச் சொன்னார்.

ஜூலை 30, புதன்

நிச்சயப் பத்திரிகை தயார். சோழராஜன் பெயரை ஒய்யாரத்தில் போட்டேன். விமலாவுக்கு ஒய்யாரம் பொருந்தாததால், மின்கட்டண ரசீதில் வருமே, அந்த நேரான எழுத்து. பெயர்களுக்கு நடுவில் இடைவெளி சரியாக வரவில்லை. தள்ளினேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். வடிவமைப்பில் வெற்றிடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. கடைசியில் பெண்ணின் பெயர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. நவீனமாக இருந்தது. அப்படியே அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“பொண்ணு எங்கம்மா?”

“பின்பக்கம்.”

திருப்பினார். பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

“இது நிச்சயப் பத்திரிகையா, விவாகரத்து நோட்டீஸா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை நிறுத்தத்தான் சிரமப்பட்டேன். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“மங்கை. நாளைக்கு ஒரு மணி பஸ்ல ஏறிட்டேன்னா குடுத்த வாக்கைத் திரும்ப வாங்க மாட்டேன். அந்தப் பொண்ணும் ஒரு வீட்டுப் பொண்ணு. நான் பஸ்ஸுக்குக் கிளம்புற வரைக்கும் கீழ கடைலதான் உக்காந்திருப்பேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

எழுந்து போய்விட்டார். அந்த நிச்சயப் பத்திரிகையைக் கையோடு எடுத்துப் போகவில்லை.

ஜூலை 31, வியாழன்

காலையில் தலைக்குக் குளித்தேன். அம்மா, “இன்னைக்கு என்ன விசேசம்?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். மல்லிகைப்பூவை எடுத்து நீட்டினாள். வெயிலாக இருந்ததால் வைத்துக்கொண்டேன். வெயிலுக்கும் பூவுக்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்கவில்லை.

மதியத்துக்கு முன் கீழே இறங்கினேன். கடையில் மேலூரிலிருந்து ஒரு குடும்பம் பத்திரிகை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. தனபாக்கியம் அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோழராஜன் பின்கட்டு வாசலில், அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கேட்காது.

நேராகப் போனேன்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவர் காதில் கை வைத்து, “என்ன?” என்று சைகை காட்டினார்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு!”

“பேப்பரா? பேப்பர் வந்துருச்சு மேடம்!”

இந்த நிலையில் ஒரு விவேகமுள்ள பெண் இயந்திரம் ஓய்வதற்குக் காத்திருப்பாள். எனக்கு விவேகமெல்லாம் எழுத்துருவிலேயே செலவாகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுக் குரலில் கத்தினேன். கத்தத் தொடங்கிய நேரம் பார்த்து இயந்திரம் ஓட்டுகிற முனியசாமி, மை போட அதை நிறுத்திவிட்டார்.

“—என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா சார்!”

மேலமாசி வீதி அமைதியானது போல் இருந்தது. உண்மையில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். மேலூர் அம்மாள் கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டார். முனியசாமி மை டப்பாவோடு சிலையாகிவிட்டார்.

சோழராஜன் என்னைப் பார்த்தார். காதில் வைத்த கை அங்கேயே இருந்தது.

மேலூர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “அந்தப் புள்ள கேக்குதுல்ல, வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே! நாங்க என்ன பொழுதன்னைக்கும் இங்கயே நிக்கவா?”

“சரி,” என்றார் சோழராஜன்.

“சரியா?” தனபாக்கியம் அக்கா எழுந்துவிட்டார். “மை வாங்கவா கூப்பிட்டாங்க உன்னை, சரிங்கிற? ஒழுங்கா சொல்றா!”

“எனக்கு அன்னைக்கே சரிதான்க்கா,” என்றார் சோழராஜன். அக்காவிடம் பேசினாலும் என்னைத்தான் பார்த்தார். “தேதியை மாத்தலாம்னு மூணு தடவை உக்காந்தேன். கை வரல. இவங்க வெறும் மாதிரின்னதும், நான்தான் கூடுதலா ஆசைப்பட்டுட்டேன்னு நினைச்சேன்.”

“இல்ல,” என்றேன். “நானும் கூடுதல்தான்.”

அக்கா பையைத் தரையில் வைத்தார். செல்போனை எடுத்து அருப்புக்கோட்டைக்குப் பேசினார். அவர் குரலில் அவ்வளவு பணிவை இதுவரை கேட்டதில்லை. வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ‘இப்பவாவது சொன்னாங்களே, நல்லதும்மா’ன்னு சிரிக்குது,” என்றார். உடனே என்னிடம், “பேரு வரிசைல நான்தான் மொதல்ல. உங்க பெரியப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்,” என்றார். கம்பத்தின் நிலைமையை நினைத்துப் பார்த்தேன்.

மேலூர் அம்மாள் கீழே விழுந்த அட்டையை எடுத்துத் துடைத்தார். “எங்களுக்கு இதே போதும். ராசியான கடை,” என்றார். அவர் மகள் மட்டும் வேறு நிறத்தில் கேட்டாள்.

முனியசாமி இன்னும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணே, மெசினை ஓட்டவா?”

அவர் மறுபடி கேட்டார்.

“ஓட்டு, ஓட்டு,” என்றார் சோழராஜன்.

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. சோழராஜன் என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துக் குனிந்து ஏதோ சொன்னார். நானும் பதில் சொன்னேன். அந்த இரைச்சலில் அக்காவுக்கோ முனியசாமிக்கோ மேலூர்க் குடும்பத்துக்கோ ஒரு வார்த்தை கேட்டிருக்காது.

எனக்கு எல்லாம் கேட்டது. இங்கே எழுதப் போவதில்லை.